உள்ளங்கையில் எழுதிய ஒளி

பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்குச் சுட்டுவிரல் வந்துவிடுகின்றது. தாயின் இடுப்பிலிருந்து நிலவைக் காட்டுவதற்கு அதற்குச் சொல் வேண்டியதில்லை, விரலொன்றே போதும். வளர்ந்த பின்னரும் மனிதன் அந்த விரலைக் கைவிடுவதில்லை. வழி கேட்டவனுக்குக் கை நீட்டித் திசை காட்டுகிறான். பிடித்த மீனின் நீளத்தைச் சொல்ல இரு கைகளையும் விரிக்கிறான். வா, போ, பொறு என்பவற்றையெல்லாம் வாய் திறவாமலே உணர்த்துகிறான். இத்துணைப் பழைமையும் எளிமையும் வாய்ந்த கைமொழியைப் பொறிகள் மட்டும் நெடுங்காலம் அறியாதிருந்தன. பொறியோடு உறவாட விரும்பியவன் பொறியின் மொழியையே கற்கவேண்டியிருந்தது. பொத்தானை அழுத்துதல், நெம்பைத் தள்ளுதல், அட்டையிலே துளையிடுதல், விசைப்பலகையிலே தட்டுதல் ஆகிய யாவும் பொறி மனிதனுக்கு விதித்த பயிற்சிகளேயாகும்.

இந்த ஒழுங்கை மாற்றிவிட விரும்பியோர் சிலர் இருந்தனர். மனிதனின் கையசைவைப் பொறி கற்கவேண்டும். அப்பொறி மேசையை விட்டெழுந்து மனிதனின் உடலிலே ஓர் அணியாக அமையவேண்டும். அது தரும் செய்தி கண்ணாடித் திரையிலன்றிச் சுவரிலும் கடதாசியிலும் உள்ளங்கையிலும் ஒளியாக விழவேண்டும் என்பன அவர்கள் கண்ட கனவு. அக்கனவின் வரலாறே ஈண்டுக் கூறப்படுவது. அதனை வெற்றியின் வரலாறென்று புகழ்ந்துவிடவும் இயலாது. தோல்வியின் வரலாறென்று தள்ளிவிடவும் இயலாது. அதனுள்ளே ஒரு கேள்வி முதலிலிருந்தே மறைந்து கிடந்தது. ஒருவன் அணியும் கருவி அவனுக்கு மாத்திரந்தான் உரிய காரியமோ என்பதே அக்கேள்வி.

கையசைவுக்குப் பணிந்த முதற் கருவிகளுள் ஒன்று கணினியன்று, ஓர் இசைக்கருவி. ரஷ்ய நாட்டுப் பௌதிகவியலாளராகிய லெவ் தெர்மன் என்பார் 1920ஆம் ஆண்டளவிலே அதனை அமைத்தார். ‘தெரமின்’ என்று அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. அதிலே ஒரு நிமிர்ந்த கோலும் ஒரு வளையமும் உண்டு. கோலுக்கு அருகே ஒரு கை செல்லச் செல்லச் சுருதி உயரும். வளையத்தை மற்றைக் கை நெருங்க நெருங்க ஒலி தணியும். வாசிப்பவர் எதனையும் தொடுவதில்லை. 1922இல் லெனின் முன்னிலையில் அது வாசித்துக் காட்டப்பட்டது. 1928இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆயினும், அதனைத் திறம்பட வாசிக்கக் கற்றவர் மிகச் சிலரே. வீணையிலே விரலுக்குத் தந்தியும் மெட்டும் உண்டு. புல்லாங்குழலிலே துளை உண்டு. தெரமினிலோ கைக்குப் பற்றுக்கோடு வெறுங்காற்று ஒன்றுதான். தொடாமல் ஆளுதல் பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது என்னும் பாடத்தை அக்கருவி அன்றே கற்பித்துவிட்டது. பின்வந்தோர் அதனை மீண்டும் மீண்டும் படிக்கவேண்டியவராயினர்.

கணினியின் காலம் வந்தபோது இக்கனவை முதலில் உருப்படுத்தியவருள் ஐவன் சதர்லண்ட் தலையாயவர். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே 1963இல் அவர் தம் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தார். ஒளிப்பேனா ஒன்றைக் கணினியின் திரைமீது வைத்துக் கையால் நேரே படம் வரையும் முறையை அவ்வாய்வு காட்டிற்று. எழுத்தும் எண்ணும் மாத்திரமே அறிந்திருந்த பொறி, அன்று கையின் கோட்டையும் அறிந்துகொண்டது. அதன்பின் அவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே, தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை அமைக்க முற்பட்டார். இரு கண்களுக்கும் முன்னே அரைகுறையாக வெள்ளி பூசிய ஆடிகள் இருந்தன. அவற்றினூடாக அறையும் தெரிந்தது; கணினி வரைந்த கோட்டுருவங்களும் அவ்வறையிலே அந்தரத்தில் மிதப்பனபோல் தெரிந்தன. தலை திரும்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறிற்று. தலையின் அசைவை அளப்பதற்கு ஓர் உலோகத் தண்டு கூரையிலிருந்து அணிபவரின் தலைவரை தொங்கியது. மன்னனின் விருந்திலே தலைக்கு மேல் ஒற்றை மயிரில் வாள் தொங்கிய கிரேக்கக் கதையை நினைவுகூர்ந்து, ‘டமொக்கிளிசின் வாள்’ என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

இந்தக் கருவியைப் பற்றிய கட்டுரை 1968ஆம் ஆண்டு டிசம்பரில் நடைபெற்ற கணினி மாநாட்டின் ஏட்டிலே வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த அதே மாநாட்டிலேதான் டக்ளஸ் எங்கெல்பாட் என்பவர், மேசைமீது உருட்டும் சிறிய கருவி ஒன்றைப் பலரறியக் காட்டினார். இன்று ‘சுட்டி’ என்று அனைவரும் அறிந்தது அதுவே. ஒரே மாநாட்டிலே இரண்டு பாதைகள் பிரிந்தன எனலாம். ஒன்று மனிதனை மேசையின் முன்னே அமர்த்திற்று. மற்றொன்று மனிதனின் உடலை நாடிற்று. மேசைப்பாதையே விரைவில் பெருவழியாயிற்று. சுட்டி மலிவானது, துல்லியமானது, கை அதன்மேல் இளைப்பாறலாம். கூரையில் தொங்கிய வாளோ ஆய்வுகூடத்தை விட்டு அசைய இயலவில்லை.

எனினும், இரண்டாம் பாதையிலே நடப்போர் அற்றுப்போகவில்லை. 1970களில் மைறன் குரூகர் என்னும் அமெரிக்கர், கையுறையோ கம்பியோ அணியாத மனிதனைக் கமராவால் நோக்கி, அவன் நிழலுருவைப் பெருந்திரையில் உலவவிட்டார். அந்நிழலின் கை தொட்ட இடத்திலே படங்கள் அசைந்தன, கோடுகள் பிறந்தன. 1980இல் மசாசுசெற்ஸ் நிறுவகத்தைச் சேர்ந்த றிச்சாட் போல்ற் வேறொரு பரிசோதனையை வெளியிட்டார். சுவரளவான திரையின் முன்னே நாற்காலியில் அமர்ந்தவர், திரையிலுள்ள ஓர் உருவை விரலால் சுட்டி ‘அதை’ என்பார். பின்னர் வேறோர் இடத்தைச் சுட்டி ‘அங்கே வை’ என்பார். பொறி அவ்வாறே செய்யும். தமிழிலக்கணம் சுட்டெழுத்துக்களென்று வகுத்துக் கூறுவனவற்றின் இயல்பை அறிந்தோர்க்கு இப்பரிசோதனையின் அருமை உடனே விளங்கும். ‘அது’, ‘அங்கே’ என்னும் சொற்கள் தனித்து நின்றால் வெறுமையானவை. விரல் துணை நின்றாலன்றி அவற்றுக்குப் பொருள் நிறைவதில்லை. சொல்லும் கையும் சேர்ந்ததே மனிதப் பேச்சு என்பதைப் பொறியும் அன்று உணரத் தொடங்கிற்று.

இதுவரை ஒளி திரையிலேயே இருந்தது. அதனைத் திரையிலிருந்து இறக்கிப் பொருள்களின்மீது விழச்செய்தோருள் குறிப்பிடத்தக்கவர் பியர் வெல்னர். இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த செறொக்ஸ் ஆய்வுகூடத்திலே, 1990களின் தொடக்கத்தில், அவர் சாதாரண மேசையொன்றின் மேலே ஒரு கமராவையும் ஓர் ஒளியெறிகருவியையும் பொருத்தினார். மேசையிலே கடதாசிக் கணக்கு ஒன்று கிடக்கும். அதிலுள்ள எண்ணை விரலால் சுட்டினால், கமரா அவ்வெண்ணை வாசிக்கும். மேசைமீது ஒளியால் வரையப்பட்ட கணிப்பானிலே அவ்வெண் ஏறிக்கொள்ளும். கடதாசியைக் கணினிக்குள் கொண்டுபோவதே அக்காலத்தோர் நோக்கமாயிருக்க, வெல்னரோ கணினியைக் கடதாசியிடம் கொண்டுவந்தார்.

ஏறத்தாழ அதே காலத்திலே இத்துறைக்கு ஒரு பெயரும் கிடைத்தது. போயிங் விமான நிறுவனத்தைச் சேர்ந்த ரொம் கோடெல், டேவிட் மிசெல் என்னும் இருவர், விமானத்தின் மின்கம்பிகளைக் கோக்கும் தொழிலாளருக்கு உதவும் முறை ஒன்றை ஆராய்ந்தனர். எந்தக் கம்பி எவ்வழியே செல்லவேண்டுமென்பதைத் தொழிலாளியின் கண்முன்னே, வேலைப்பலகையின் மீதே காட்டுவது அவர்கள் திட்டம். 1992இல் வெளியான அவர்களுடைய கட்டுரை வழியாக ‘மிகை மெய்ம்மை’ என்று இன்று தமிழில் வழங்கும் பெயர் ஆங்கிலத்திலே பரவிற்று. உள்ள உலகை மறைத்து வேறோர் உலகைக் காட்டுவது அன்று அதன் நோக்கம். உள்ள உலகின்மேலேயே ஒரு குறிப்பை எழுதிவைப்பது.

இனி, அணியும் பொறிக்கு வருவோம். கனடா நாட்டவரான ஸ்ரீவ் மான், இளைஞராயிருந்த 1980களிலேயே கணினியை முதுகிலும் காட்சிக் குழாயைத் தலையிலும் சுமந்து தெருவில் நடந்தவர். கண்டவர்கள் நகைத்திருக்கக் கூடும். அவர் நடையை நிறுத்தவில்லை. மசாசுசெற்ஸ் நிறுவகத்திலே 1997இல் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கமராவும் ஒளியெறிகருவியும் சேர்ந்த பதக்கம் போன்ற கருவியைக் கழுத்தில் அணியும் முறையை அவர் 1990களிலேயே முயன்று பார்த்தார். அவருக்கு இஃது ஒரு வசதிப் பொருள் மாத்திரமன்று. கடைகளும் அரசுகளும் மேலிருந்து மக்களைக் கமராக்களால் நோக்குகின்றன. மக்களும் கீழிருந்து திருப்பி நோக்க உரிமை உடையவர் என்பது அவருடைய கொள்கை. அணியும் கமரா அறத்தோடு தொடர்புடையது என்று தொடக்கத்திலேயே சொன்னவர் அவர். பின்னாளில் புகழ் வேறிடம் சென்றபோது அவர் பெயர் பலராலும் மறக்கப்பட்டது. வரலாறு எழுதுவோர் அவருக்குரியதை அவருக்குக் கொடுத்தல் வேண்டும்.

அப்புகழுக்கு உரியவரானவர் பிரணவ் மிஸ்திரி. இந்தியாவின் குஜராத் மாநிலத்திலே, பாலன்பூரில், 1981இல் பிறந்தவர். மும்பாயிலுள்ள இந்தியத் தொழினுட்ப நிறுவகத்திலே வடிவமைப்புக் கற்றவர். மசாசுசெற்ஸ் நிறுவகத்தில் பேராசிரியை பாற்றி மாஸ் அவர்களின் குழுவிலே ஆய்வு மாணவராயிருந்தபோது, ‘ஆறாம் புலன்’ என்னும் பொருள்படும் பெயருடைய கருவி ஒன்றை அமைத்தார். 2009 பெப்ரவரியில் ‘டெட்’ என்னும் உரையரங்கிலே பேராசிரியை அதனை அறிமுகஞ் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் மைசூரில் நடந்த உரையரங்கிலே மிஸ்திரி தாமே அதனை விளக்கினார். அரங்கத்தினர் எழுந்து நின்று கைதட்டினர்.

கருவியின் அமைப்பு எளியதே. கழுத்திலே தொங்கும் பதக்கத்தில் ஒரு சிறு கமரா, ஒரு சிறு ஒளியெறிகருவி, ஓர் ஆடி. சட்டைப்பையிலே ஒரு கணினி. விரல்நுனிகளில் வெவ்வேறு நிறமுள்ள உறைகள். நிறங்களைக் கொண்டே கமரா விரல்களை இனங்கண்டு பின்தொடரும். இரு கைகளின் விரல்களையும் சதுரச் சட்டம்போல் பிடித்தால் எதிரிலுள்ள காட்சி படமாகப் பதிவாகும். மணிக்கட்டிலே விரலால் வட்டமிட்டால் அங்கே ஒளியாலான கைக்கடிகாரம் தோன்றும். உள்ளங்கையை நீட்டினால் தொலைபேசியின் எண்கள் அதிலே விழும். மற்றைக் கைவிரலால் அவற்றைத் தொட்டு அழைக்கலாம். செய்தித்தாளின் நிழற்படம் இருந்த இடத்தில் அசையும் படம் ஓடும். இவையனைத்தையும் ஏறத்தாழ 350 டொலர் செலவிலே, கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அவர் அமைத்திருந்தார். செய்முறையையும் யாவர்க்கும் திறந்துவிடுவதாக அறிவித்தார்.

இத்துணை எளிதும் மலிவும் அழகும் உடைய கருவி ஏன் வீடுகளை அடையவில்லை? மிஸ்திரியும் 2012இல் சாம்சுங் நிறுவனத்தில் சேர்ந்தார்; 2013இல் அவர் மேடையேறிக் காட்டியது கைக்கடிகாரத்தில் பொருத்திய சிறு திரையையே. ஒளி மீண்டும் கண்ணாடிக்குள் புகுந்துகொண்டது. இதற்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது ஒளியின் கணக்கு. சட்டைமீது அணியத்தக்க ஒளியெறிகருவி ஏறத்தாழ 10 லூமன் ஒளி தருவதாகக் கொள்வோம். வழக்கமான ‘ஏ4’ கடதாசியின் பரப்பு ஒரு சதுர மீற்றரின் பதினாறிலொரு பங்கு. அப்பரப்பிலே அவ்வொளி முழுவதும் விழுந்தாலும் அங்கே கிடைப்பது 160 லக்ஸ் வெளிச்சமே. நண்பகல் வெயிலோ 100,000 லக்ஸ் அளவினது. ஏறத்தாழ அறுநூறு மடங்கு வலிய சூரியனோடு அச்சிறு விளக்கு எங்ஙனம் போட்டியிடும்? இருண்ட அரங்கிலே ஒளிர்ந்த எழுத்து, வெளிவாசலில் மறைந்துவிடும். ஒளியைப் பெருக்கினால் பற்றரி கனக்கும். கருவி மார்பிலே சுடும்.

இரண்டாவது, கையின் களைப்பும் கருத்தும். அந்தரத்தில் கையை நீட்டி நெடுநேரம் வேலை செய்தல் எவருக்கும் இயலாது. அன்றியும், மனிதன் ஓயாது கையசைப்பவன். தலையைச் சொறிகிறான், ஈயை ஓட்டுகிறான், பேச்சுக்கிடையே விரலை ஆட்டுகிறான். இவற்றுள் எது ஏவல், எது வெறும் அசைவு என்று பொறி அறிவதெப்படி? நாட்டிய மேடையிலே நர்த்தகியின் முத்திரையைச் சபையோர் அறிந்துகொள்கின்றனர். அவள் கூந்தலை ஒதுக்கிக்கொண்டால் அது முத்திரையன்று என்பதையும் அறிகின்றனர். அந்த அறிவு பொறிக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

மூன்றாவதே யாவற்றிலும் பெரியது. ஆனால், அன்று கைதட்டியோர் அதனை அதிகம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெப்ரவரி அரங்கிலே காட்டப்பட்ட காட்சிகளுள் ஒன்றில், கருவியை அணிந்தவர் ஒருவரைச் சந்திக்கிறார். உடனே எதிரில் நிற்பவரின் சட்டைமீது, அவரைப் பற்றிய சொற்கள் ஒளியாக விழுகின்றன. அணிந்தவருக்கு அது பயன். எதிரில் நிற்பவருக்கோ, தம் நெஞ்சிலே தம்மைக் கேளாமல் யாரோ எழுதிய எழுத்து. திரையிலே படிப்பவன் தானும் திரையுமாக இருந்துவிடலாம். உலகத்தையே திரையாகக் கொள்பவனுக்கோ பிற மனிதரும் திரையின் ஒரு பகுதியாகிவிடுகின்றனர்.

பின்வந்த ஆண்டுகள் இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தன. 2010இல் கிறிஸ் ஹரிசன் என்பவரும் மைக்ரோசொப்ட் ஆய்வாளர் இருவரும், தோலின்மீது விரல் தட்டும்போது எழும் நுண்ணதிர்வைக் கொண்டே எந்த இடம் தட்டப்பட்டது என்று அறியும் கைப்பட்டி ஒன்றை அமைத்தனர். முழங்கையும் உள்ளங்கையும் பொத்தான்களாயின. 2011இல் தோளிலே அணியும் ஆழமறி கமராவும் ஒளியெறிகருவியும் வந்தன. நிற உறைகள் இனி வேண்டியிருக்கவில்லை. 2010 நவம்பரில் அதே நிறுவனம் விற்ற ‘கினெக்ற்’ என்னும் விளையாட்டுக் கருவி, அறையில் நிற்பவரின் உடலசைவு முழுவதையும் படித்தது. முதல் 60 நாள்களில் 80 இலட்சம் கருவிகள் விலைப்பட்டன. அத்தகைய வரவேற்பைப் பெற்ற அதன் உற்பத்தியும் 2017இல் நின்றது. வீட்டிலே சில மாலைகள் குதித்து மகிழ்ந்தோர் மீண்டும் நாற்காலியையும் கைப்பிடியையுமே நாடினர்.

கூகுள் நிறுவனம் 2013இல் 1,500 டொலர் விலையில் விற்கத் தொடங்கிய கண்ணாடி, மூன்றாவது கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்த கமரா தம்மைப் பதிவு செய்கின்றதோ என்று எதிரில் இருந்தோர் ஐயுற்றனர். சில உணவகங்களும் திரையரங்குகளும் அதனை அணிந்து வருவதைத் தடைசெய்தன. 2015 ஜனவரியிலே பொதுமக்களுக்கான விற்பனை நிறுத்தப்பட்டது. அதனை வீழ்த்தியதில் பொறியின் குறைபாட்டுக்கும் பங்குண்டு. பிறர் முகத்திலே தோன்றிய சுளிப்புக்கும் பங்குண்டு.

பழைய பதக்கத்தின் கனவு இன்னுமொருமுறை உயிர்பெற்றது. அப்பிள் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய இம்ரான் சௌத்திரி, பெத்தனி பொன்ஜியோர்னோ ஆகிய தம்பதியர் தொடங்கிய ஹியுமேன் நிறுவனம், 2023 நவம்பரில் சட்டையிலே குத்தும் சிறு கருவி ஒன்றை அறிவித்தது. விலை 699 டொலர். மாதக் கட்டணம் 24 டொலர். அதற்குத் திரை இல்லை. கையை நீட்டினால் லேசர் ஒளி உள்ளங்கையிலே எழுத்தாக விழும். கையைச் சரித்தும் விரல்நுனிகளைச் சேர்த்தும் வேண்டியதைத் தெரியலாம். கமரா இயங்கும்போது எதிரில் உள்ளோர் அறியும்படி ஒரு சிறு விளக்கும் எரியும். முன்னோர் செய்த பிழையிலிருந்து அமைத்தோர் ஒன்றையேனும் கற்றிருந்தனர் என்பதற்கு அவ்விளக்குச் சான்று. ஆயின், சூரியன் மாறவில்லை. 2024 ஏப்ரலில் கருவி கைக்கு வந்தபோது, வெளியிலே எழுத்து மங்குகின்றது, கருவி சூடேறுகின்றது என்று சோதித்தோர் எழுதினர். 2025 பெப்ரவரியில் எச்.பி. நிறுவனம் அந்நிறுவனத்தின் உடைமைகளுள் பெரும்பகுதியை 116 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அம்மாதம் 28ஆம் நாள் கருவிகளின் பெரும்பாலான பணிகள் நின்றன. நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கியோரின் உள்ளங்கைகள் மீண்டும் வெறுங்கைகளாயின.

எனினும் வரலாறு அந்நாளோடு முடியவில்லை. 2024இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் தலைக்கருவி, மடியிலே கிடக்கும் கையின் இரு விரல்கள் சேர்வதையே ஏவலாகக் கொண்டது. அந்தரத்தில் கை நீட்டும் களைப்பு அதிலில்லை. 2025இல் மெற்றா நிறுவனம் விற்பனைக்கு விட்ட மூக்குக்கண்ணாடியோடு ஒரு மணிக்கட்டுப் பட்டியும் வந்தது. தசைகளில் ஓடும் நுண்மின் குறிப்பைப் படித்து, விரலின் மிகச் சிறிய அசைவையும் அப்பட்டி அறிகின்றது. ஒளியின் சிக்கலையும் களைப்பின் சிக்கலையும் பொறியியலாளர் பைய வென்று வருகின்றனர் எனலாம்.

எஞ்சி நிற்பது மூன்றாவது. அதனை எந்தப் பட்டியும் தீர்க்காது. கண்ணாடி அணிந்தவன் காண்பது இன்னதென்று எதிரில் நிற்பவன் அறியான். ஓரத்திலே எரியும் ஊசிமுனை விளக்கு, சந்தை நெரிசலிலே நிற்கும் முதியவளுக்கும் பாடசாலைக்குச் செல்லும் சிறுமிக்கும் போதிய அறிவித்தலாகுமா என்பதைப் பொறியியல் மாத்திரம் முடிவுசெய்ய இயலாது; சட்டமும் சமூக ஒழுக்கமும் சேர்ந்தே முடிவுசெய்தல் வேண்டும். எழுத்தறிவு பரவியபோது பிறர் கடிதத்தைப் பிரித்துப் படித்தல் தகாது என்னும் ஒழுக்கமும் உடன் பரவிற்று. அதுபோன்றதோர் ஒழுக்கம் இதற்கும் பிறக்கவேண்டும்.

நிலவைச் சுட்டிய குழந்தையிடம் மீண்டும் வருவோம். அது விரல் நீட்டுவது நிலவைத் தான் தனியே பார்ப்பதற்காகவன்று. தாயும் பார்க்கவேண்டும் என்பதற்காக. சுட்டும் விரலிலே எப்போதும் இருவர் இருக்கின்றனர். கையசைவைப் பொறிக்குக் கற்பிக்க முயன்றோர், அவ்விருவருள் ஒருவரை மாத்திரம் எண்ணிக் கருவி செய்தபோதெல்லாம் மற்றவர் முகம் சுளித்தார். இருவரையும் எண்ணிச் செய்யப்படும் நாளிலேதான், உள்ளங்கையில் எழுதிய ஒளி அழியாது நிற்கும்.